புதுக் கத்திக்குக் கூர் வைப்பது யார் வேலை?

ஒட்டுக் கட்டவும், கவாத்து செய்யவும், சாக்குக் கயிறு அறுக்கவும் உதவட்டும் என்று மடக்குக் கத்தி ஒன்று வாங்குகிறீர்கள். உறையைப் பிரித்து, ஒரு மாங்குச்சியைச் சீவிப் பார்த்தால் வெட்டவில்லை. பட்டையை நசுக்கி உரிக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், ‘புதுசு அப்படித்தாங்க இருக்கும், சாணை பிடிச்சுக்கோங்க’ என்கிறார். இது சரிதானா? காசு கொடுத்து வாங்கிய கத்தி வாங்கிய அன்றே வெட்ட வேண்டாமா? இல்லை, கூர் வைத்துக்கொள்வது வாங்குபவர் பாடா?

கேள்வி சிறியதாகத் தெரியலாம். ஆனால் ஒட்டுக்குச்சி பக்குவமாக இருக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் மழுங்கிய கத்தியோடு உட்கார்ந்தால், போவது கத்தியின் விலை மட்டும் அல்ல. குச்சியும் வேர்ச்செடியும் ஆள் கூலியும் சேர்ந்தே போகும். சில நேரம் விரலும் போகும். ஆகவே, எந்தக் கருவி கூரோடு வர வேண்டும், எதற்கு நாமே கூர் வைக்க வேண்டும், வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மழுங்கல் கத்தி செடிக்கு என்ன செய்கிறது?

மாவில் மென்தண்டு ஒட்டுக் கட்டும் முறையை எடுத்துக்கொள்வோம். வேர்ச்செடியின் தலையை வெட்டிவிட்டு, தண்டின் நடுவே 4 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குப் பிளக்கிறோம். ஒட்டுக்குச்சியின் அடிப்பகுதியை இரண்டு பக்கமும் சீவி, ஆப்பு போல ஆக்கி, அந்தப் பிளவில் செருகி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மிக மெல்லிய படலமாக இருப்பது கேம்பியம் எனப்படும் வளர்திசு. வேர்ச்செடியின் வளர்திசுவும் குச்சியின் வளர்திசுவும் ஒன்றையொன்று தொட்டால்தான் ஒட்டுப் பிடிக்கும்.

கூரான கத்தி ஒரே இழுப்பில் பலகை போன்ற சமதளத்தைக் கொடுக்கும். இரண்டு சமதளங்களும் இடைவெளி இல்லாமல் படியும். மழுங்கிய கத்தியில் நான்கைந்து முறை சீவ வேண்டிவரும். சீவிய இடம் மேடும் பள்ளமுமாக இருக்கும். கட்டினாலும் நடுவே காற்று நிற்கும். அதோடு, நசுங்கிய திசு இறந்து கறுக்கும். இறந்த திசு பூஞ்சணத்துக்கு வழி விடும். சீவச் சீவ நேரம் போவதால் குச்சியின் வெட்டுவாயும் காய்ந்துவிடும். பத்து நாள் கழித்துக் குச்சி வாடியதும் ‘குச்சி சரியில்லை’, ‘வெயில் அதிகம்’ என்று காரணம் தேடுகிறோம். கத்தியை யாரும் சந்தேகிப்பதில்லை.

கைக்கும் இதே கதைதான். கூரான கத்திக்குப் பலம் தேவையில்லை. மழுங்கிய கத்தியை அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்தும்போது வழுக்கினால், அது போய் நிற்கும் இடம் குச்சியைப் பிடித்திருக்கும் இடது கை. ‘கூரில்லாத கத்தி ஆபத்தில்லாத கத்தி’ என்று நினைப்பது தவறு.

பட்டறையில் பேச்சு இருந்தது

கூர் இல்லாமல் விற்பது புதிய வழக்கம் அல்ல. அதற்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது.

சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் பெற்ற ஊர். அதுபோலச் சிறிய பட்டறைகள் பல ஊர்களில் இன்றும் உண்டு. பட்டறைக்குப் போய் அரிவாள் கேட்டால், ‘எதுக்குங்க?’ என்ற கேள்வி வரும். தேங்காய் வெட்டவா, கருவேல முள் கழிக்கவா, புல் அறுக்கவா, வாழைத்தார் இறக்கவா என்பதைப் பொறுத்து இரும்பின் கனமும் வளைவும் மாறும். லாரியின் பழைய பட்டையை உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் கொடுத்து, பிறகு அந்த வேலைக்கு ஏற்ற கூரை வைத்துக் கொடுப்பார் கொல்லர். முள் வெட்டும் அரிவாளுக்கு மெல்லிய கூர் வைத்தால் முதல் நாளே பல் விழும். புல் அறுக்கும் அரிவாளுக்குத் தடித்த கூர் வைத்தால் கை ஓய்ந்துவிடும். கூர் சரியில்லை என்றால் அடுத்த சந்தை நாளில் அதே பட்டறைக்குப் போய்ச் சொல்லலாம்.

வெளிநாடுகளிலும் இப்படி உண்டு. ஆஸ்திரியாவில் புல் அறுக்கப் பயன்படுத்தும் நீண்ட பிடி கொண்ட அரிவாளின் அலகை, வாங்கியவர் சிறிய பட்டடையில் வைத்துச் சுத்தியால் தட்டி, முனையை மெல்லியதாக்கிய பிறகே வயலுக்குக் கொண்டு போவது பழைய வழக்கம். நம் தச்சர் வாங்கும் உளியைப் பாருங்கள். ஆலையில் சரிவு மட்டும் பிடித்து அனுப்புவார்கள்; கடைசிக் கூரைத் தச்சர் தம் கல்லில் தாமே வைத்துக்கொள்வார். தொழில் தெரிந்தவருக்கு விற்கும் கருவி அது. அவரிடம் கல் இருக்கிறது, பழகிய கையும் இருக்கிறது.

மடக்குக் கத்தியின் கதை வேறு. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-ல் பிறந்த ஒப்பினல் கத்தி, சுவிட்சர்லாந்தில் 1884-ல் தொடங்கிய விக்டோரினாக்ஸ் தொழிற்சாலையின் கத்தி ஆகியவை பையில் போட்டுக்கொண்டு உடனே பயன்படுத்துவதற்காகவே செய்யப்பட்டவை, கூரோடுதான் வருகின்றன. ஜெர்மனியில் 1854-ல் தொடங்கிய டினா நிறுவனத்தின் ஒட்டுக்கத்திகளை நாற்றங்கால்காரர்கள் தேடி வாங்குவதற்கு அவற்றின் கூரும் ஒரு காரணம். ஆகவே ‘தொழிற்சாலையில் கூர் வைக்க முடியாது’ என்ற பேச்சுக்கு இடமில்லை.

பெட்டிக்குள் பேச்சு இல்லை

பிறகு ஏன் பல கத்திகள் மழுங்கலாக வருகின்றன? தயாரிப்பவர் பக்கமும் சில காரணங்கள் உண்டு. கத்தி செய்வதில் கடைசிக் கூர்தான் பழகிய கையும் நேரமும் கேட்கும் வேலை. தகட்டை இயந்திரம் வெட்டித் தள்ளும். கூரைப் பெரும்பாலும் ஆள்தான் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டும். விலையைக் குறைக்க நினைப்பவர் முதலில் கை வைக்கும் இடம் அது. அடுத்து, மெல்லிய கூர் வைத்து அனுப்பினால், வாங்கியவர் அதைக் கொண்டு கம்பி அறுத்து, டப்பா திறந்து, பல் விழுந்ததும் திருப்பிக் கொண்டு வருவார் என்ற பயம். உறை பிரிக்கும்போது கை வெட்டிக்கொள்வார்கள் என்பது இன்னொன்று.

இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டறையில் கூர் இல்லாத அரிவாளை வாங்கியபோது, எதற்கு, எப்படி, எந்த அளவு என்ற பேச்சு நடந்தது. அட்டைப் பெட்டியில் வரும் கத்தியோடு எந்தப் பேச்சும் வருவதில்லை. இது கூர் வைத்ததா, வைக்காததா? ஒரு பக்கச் சரிவா, இரு பக்கச் சரிவா? எந்தக் கோணம்? ஒன்றும் தெரியாது. வாங்கியவர் நேராக மின்சாணைக்குக் கொண்டு போகிறார். அங்கே இருக்கிற தன்மையும் போய்விடுகிறது.

ஆகவே, ஒட்டுக்கத்தி, மடக்குக் கத்தி போன்ற சிறு கருவிகளைப் பொறுத்தவரை பதில் தெளிவு. அவை கூரோடுதான் வர வேண்டும். கூர் வைக்காமல் விற்பதானால், ‘கூர் வைத்தே பயன்படுத்தவும்’ என்று உறையின் மேல் தமிழில் அச்சிட்டு, எந்தப் பக்கம், எந்தக் கோணம் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் இல்லாமல் விற்பது பாதி வேலையை முழு விலைக்கு விற்பதாகும்.

எந்தக் கருவி எப்படி வர வேண்டும்?

எல்லாக் கருவிக்கும் ஒரே விதி பொருந்தாது.

கருக்கரிவாள்: நெல் அறுக்கும் கருக்கரிவாளில் ரம்பம் போல நுண்ணிய பற்கள் இருக்கும். இந்தப் பற்களை நாம் வீட்டில் வெட்ட முடியாது. எனவே இது கூரோடு வந்தே ஆக வேண்டும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்த நவீன் அரிவாளும் பல் வைத்ததுதான். பல் அரிவாளை அடிக்கடி தீட்ட வேண்டியதில்லை என்பதே அதன் பெரிய வசதி. பற்கள் தேய்ந்தால் கொல்லரிடம் கொடுத்து மறுபடி கருக்கு வெட்டி வாங்க வேண்டும். பல் உள்ள பக்கத்தைக் கல்லில் தேய்த்தால் பல் போய்விடும்.

புல்லரிவாள், வெட்டரிவாள்: இவற்றின் கூர் வேலைக்கு ஏற்ப மாறும். ஓரளவு கூரோடு வந்தால் போதும். மீதியை உங்கள் வேலையைப் பார்த்து நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால் முனையின் தடிமன் சரியாக இருக்க வேண்டும். நாணயம் போலத் தடித்த முனையோடு வரும் அரிவாளை வீட்டுக் கல்லில் தேய்த்துக் கூராக்க நாள் கணக்காகும்.

பாளை அரிவாள்: காலையும் மாலையும் பனை ஏறும் தொழிலாளர், ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியை மெல்லிய சீவலாகச் சீவுகிறார். கூர் குறைந்தால் பாளை நசுங்கிப் பதநீர் குறையும். அதனால் கடைக் கூரையோ பட்டறைக் கூரையோ அவர் நம்பி இருப்பதில்லை. மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, தினமும் தாமே தீட்டிக்கொள்கிறார். கூர் என்பது வாங்கும் பொருள் அல்ல, அன்றாட வேலை என்பதைப் பனைத் தொழிலாளரிடம் கற்கலாம்.

ஒட்டுக்கத்தி: பெரும்பாலான ஒட்டுக்கத்திகளுக்கு ஒரு பக்கம் மட்டும் சரிவு இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். தட்டைப் பக்கம் குச்சியோடு படிந்து போவதால்தான் வெட்டு நேராக விழுகிறது. இது கூரோடு வர வேண்டிய கருவிகளில் முதன்மையானது. இன்னொரு செய்தி: ஒரு பக்கச் சரிவுள்ள கத்திகள் பெரும்பாலும் வலது கைக்காரருக்காகச் செய்யப்படுபவை. நீங்கள் இடது கைப் பழக்கம் உள்ளவர் என்றால், இடது கைக் கத்தி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பிளேடு: காய்கறி நாற்றில் ஒட்டுக் கட்டுவோர் சவர பிளேடையே பயன்படுத்துகிறார்கள். கூரோடு வருகிறது, மழுங்கியதும் எறிந்துவிடலாம். மெல்லிய தண்டுக்கு அது போதும். ஆனால் மா, சப்போட்டா போன்ற கட்டைத் தண்டுக்குப் பிளேடு வளையும், ஒடியும். எறியும்போது தாளில் சுற்றி, மூடி உள்ள டப்பாவில் போடுங்கள். வயலில் வீசினால் வெறுங்காலில் நடப்பவருக்கும் மாட்டுக்கும் ஆபத்து.

முதல் நாள் கூரை மட்டும் நம்பாதீர்கள்

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வாங்கிய அன்று நன்றாக வெட்டுகிறது என்பதால் மட்டும் அது நல்ல கத்தி ஆகிவிடாது.

கூர் வேறு, இரும்பின் தரம் வேறு. தோய்ச்சல் சரியில்லாத மெத்தென்ற தகட்டிலும் ஒரு நாளைக்குக் கூர் நிற்கும். ஐம்பது குச்சி சீவியதும் முனை மடங்கிவிடும். மாறாக, நல்ல எஃகில் செய்த கத்தி கூர் குறைவாக வந்தாலும், ஒருமுறை சரியாகத் தீட்டிவிட்டால் நாள் முழுதும் உழைக்கும். வேகமாகச் சுழலும் பட்டையில் சூடேற்றிக் கூர் வைத்த கத்தியில், முனையின் ஓரம் மட்டும் தன்மை கெட்டிருக்கும். அப்படிப்பட்ட கத்தி முதல் சில நாள் சீக்கிரம் மழுங்கும். இரண்டு மூன்று முறை கல்லில் தீட்டிக் கெட்ட ஓரம் தேய்ந்த பிறகு நன்றாக நிற்கும்.

எனவே கத்தியை இரண்டாவது வாரத்தில் எடை போடுங்கள். நீங்களே கல்லில் தீட்டிய பிறகு எவ்வளவு நேரம் கூர் நிற்கிறது என்பதுதான் உண்மையான சோதனை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

* முனையை மேல்நோக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். முனை நெடுக வெள்ளைக் கோடு மின்னினால் அங்கே கூர் இல்லை. கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பாது, கோடே தெரியாது.

* கட்டைவிரலை முனை நெடுக இழுத்துப் பார்க்காதீர்கள். ஒரு தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். சிக்காமல் வெட்டினால் கூர் சரி.

* மடக்குக் கத்தி என்றால் விரித்த பின் அலகு ஆடக் கூடாது. பூட்டு உள்ள கத்தியில் பூட்டு உறுதியாக விழுகிறதா என்று பாருங்கள்.

* முனை நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் குழிந்தோ, நீலம் பாய்ந்தோ இருந்தால் வேண்டாம்.

* துருப்பிடிக்காத எஃகா, சாதாரண எஃகா என்று கேளுங்கள். சாதாரண எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும், பால் பட்டால் கறுக்கும். தினமும் துடைத்து எண்ணெய் போடுவீர்கள் என்றால் அது போதும்.

* ரசீது வாங்குங்கள். உறையிட்டு விற்கும் பொருளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, புகார் தெரிவிக்கும் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011-ம் ஆண்டு விதி. குறை இருந்தால் கடையில் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

* கத்தி வாங்கும் அன்றே கல்லும் வாங்குங்கள். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ் என இருக்கும் கார்போரண்டம் கல் வன்பொருள் கடைகளில் கிடைக்கும். கல் இல்லாமல் கத்தி வாங்குவது, விளக்கு வாங்கிவிட்டு எண்ணெய் வாங்காமல் வருவது போல.

வீட்டில் கூர் வைப்பது எப்படி?

புதுக் கத்தி லேசாக மழுங்கியிருந்தால் உடனே கல்லுக்குப் போக வேண்டாம். ஆலையில் கூர் வைக்கும்போது முனையில் மெல்லிய பிசிறு தங்கியிருக்கலாம். பழைய தோல் பெல்ட்டைப் பலகையில் ஆணி அடித்து இறுக்கி, கத்தியின் முதுகு முன்னே போகும்படி இரு பக்கமும் இருபது முறை இழுத்துப் பாருங்கள். பல நேரம் இதுவே போதும்.

போதவில்லை என்றால் கல்லை எடுங்கள். நழுவாமல் இருக்க அடியில் ஈரத் துணி விரித்துக் கல்லை வையுங்கள். கல்லைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுக்கத்தி என்றால் கோணம் தேட வேண்டியதில்லை. சரிவுப் பக்கம் முழுவதும் கல்லில் படியும்படி வைத்து, அதே சாய்வில் தேயுங்கள். இரு பக்கச் சரிவுள்ள கத்தி என்றால், கத்தியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்தால் 45 டிகிரி. மீண்டும் அதில் பாதி சாய்த்தால் சுமார் 22 டிகிரி. பொதுவான வேலைக்கு அந்தச் சாய்வு அல்லது அதைவிடச் சற்றே படுத்த சாய்வு போதும். முள்ளும் கட்டையும் வெட்டும் அரிவாளுக்குச் சற்றே நிமிர்த்திப் பிடியுங்கள்.

சாய்வு சரிதானா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. முனைச் சரிவில் ஸ்கெட்ச் பேனா மையைத் தடவிவிட்டு, இரண்டு முறை தேய்த்துப் பாருங்கள். மை முழுதும் அழிந்தால் சாய்வு சரி. மேல் ஓரம் மட்டும் அழிந்தால் கத்தியைக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். முனை ஓரம் மட்டும் அழிந்தால் கொஞ்சம் படுக்கவையுங்கள்.

கரடுப் பக்கத்தில் தேய்த்துக்கொண்டே வந்தால், மறுபக்கத்து முனையில் நெடுக மெல்லிய பிசிறு எழும். விரலை முதுகிலிருந்து முனையை நோக்கி, குறுக்காக மெல்லத் தடவினால் தெரியும். பிசிறு நுனியிலிருந்து அடிவரை எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது என்று பொருள். இரு பக்கக் கத்தி என்றால் மறுபக்கமும் அதே போல. பிறகு நைஸ் பக்கத்தில் அழுத்தாமல் தேய்த்து, தோல் வாரில் இழுத்துப் பிசிறை எடுங்கள்.

ஒட்டுக்கத்தியின் தட்டைப் பக்கத்தில் மட்டும் கவனம் தேவை. பிசிறை எடுக்க அதைக் கல்லில் முற்றிலும் படுக்கவைத்து இரண்டு மூன்று முறை இழுத்தால் போதும். அந்தப் பக்கத்தில் சாய்வு ஏற்றிவிட்டால் பிறகு வெட்டு நேராக விழாது.

கடைசிச் சோதனையைக் குச்சியில் செய்யுங்கள். வேண்டாத மாங்குச்சி ஒன்றை ஒரே இழுப்பில் சீவுங்கள். வெட்டுவாய் வழவழவென்று மின்னினால் ஒட்டுக் கட்டலாம். நார் எழுந்து, பட்டை ஓரம் கிழிந்திருந்தால் இன்னும் தீட்ட வேண்டும். ஒட்டுக் கட்டும் நாளில் தோல் வாரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, இருபது முப்பது குச்சிக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டால் மாலைவரை கூர் குறையாது.

மின்சாணையில் கவனம்

நல்ல கத்திகள் கெடுவது பெரும்பாலும் மின்சாணையில்தான். வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய முனையை அழுத்தினால் நொடியில் சூடேறும். எஃகு முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு நீலம் என்று மாறும். நீலம் பாய்ந்தால் அந்த இடத்தின் சூடு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். கொல்லர் கொடுத்த தோய்ச்சல் அங்கே போய்விட்டது. அந்த முனையில் இனிக் கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதியைத் தேய்த்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

சாணை பிடிக்கக் கொடுத்தால், அடிக்கடி தண்ணீரில் தோய்த்து, அழுத்தாமல் பிடிக்கச் சொல்லுங்கள். அரிவாள், மண்வெட்டிக்கு அது பொருந்தும். ஒட்டுக்கத்தியை மின்சாணைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

கூரோடு சுத்தமும் வேண்டும்

கூரான கத்தியே நோயையும் மரத்துக்கு மரம் கொண்டு போகும். எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளைத் தாக்கும் சில நோய்க் காரணிகள் வெட்டுக் கருவி வழியாகவே பரவுகின்றன. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும் முன், பிளீச்சிங் கரைசலில் நனைத்த துணியால் அலகைத் துடையுங்கள். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுங்கள். இல்லையேல் முனையைத் துரு தின்றுவிடும்.

கூர் வைத்த கத்தியைச் சட்டைப் பையில் திறந்தபடி போடாதீர்கள். அரிவாளைப் புல்கட்டுக்குள் செருகாதீர்கள். வெட்டுப்பட்டால் ஓடும் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மானியத்தில் கருவித் தொகுப்பு கொடுக்கும்போதும், ஒட்டுக் கட்டும் பயிற்சி நடத்தும்போதும், பயனாளி கையில் கத்தியைக் கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. கொள்முதல் செய்யும்போதே ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் இரண்டு கத்தியை எடுத்துத் தாளிலும் குச்சியிலும் வெட்டிப் பாருங்கள். கூர் இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். தயாரிப்பவர் கூர் வைக்கப் பழகுவது அப்போதுதான். கடையில் ஒற்றைக் கத்தி வாங்கும் விவசாயி சொல்லி அவர் கேட்கப் போவதில்லை. தொகுப்பில் ஒரு தீட்டுக் கல்லும் சேர்க்க முடியுமா என்று பாருங்கள்.

பயிற்சியில் அரை மணி நேரத்தைத் தீட்டுவதற்கு ஒதுக்குங்கள். உள்ளூர்க் கொல்லரையோ பனைத் தொழிலாளரையோ அழைத்துத் தீட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூலிக்கு அறுப்புக்குப் போகும் பெண்கள் பலர் தங்கள் அரிவாளைத் தாங்களே வாங்குகிறார்கள். அந்தப் பயிற்சிக்கு அவர்களையும் அழையுங்கள். மழுங்கிய அரிவாளால் நாள் முழுதும் வலிப்பது அவர்கள் தோளும் மணிக்கட்டும்தான்.

முதல் கூர் தயாரிப்பவர் பொறுப்பு. அதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது கூரிலிருந்து அது உங்கள் பொறுப்பு. இந்த வாரம் வீட்டில் இருக்கும் கத்தி, அரிவாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிகிற கத்தியைப் பருவம் தொடங்கும் முன்பே தீட்டி வைத்துவிடுங்கள்.